மூடுபனியில் ஓர் ஒளிவட்டம்



காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் நம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளையும், கூட வர இசைந்த பெற்றோரையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போய் வந்தோம். அந்தப் பிரயாணத்தைப் பற்றி எழுதுவதாகப் பூசையில் சொல்லியிருந்தேன். வராதவர்கள், "சாமி பஸ் வாடகைக் கணக்கைத்தான் எழுதப் போகிறார்" என்று பயப்பட வேண்டாம். கணக்கு கோவில் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது. நான் எழுதப்போவது ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நடைபாதையைப் பற்றி. அதிலும், அந்தப் பாதையில் நாங்கள் அசையாமல் நின்ற கால்மணி நேரத்தைப் பற்றி.

மலை நமக்குப் புதிதல்ல. வ. புதுப்பட்டியில் காலையில் கதவைத் திறந்தால் மேற்கே மலைதான். பிளவக்கல் அணைக்கட்டுக்குப் பின்னால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கிறது. அதில் மழை இறங்கினால் நமக்கு நெல், இறங்காவிட்டால் கடன். சதுரகிரிக்குப் போகிற கூட்டம் வத்திராயிருப்பு வழியாகப் போவதை வருஷா வருஷம் பார்க்கிறோம். ஆனால் நாம் மலையை அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள். மலை விளிம்பில் நின்று, ஊர்கள் எல்லாம் காலடியில் கிடக்கப் பார்ப்பது வேறு சங்கதி. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதே என் ஆசை.

விடியுமுன் புறப்பட்டோம். பேரையூர், உசிலம்பட்டி, வத்தலக்குண்டு என்று பஸ் போயிற்று. காட்ரோட்டைத் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் பிள்ளைகளின் பாட்டுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி, எலுமிச்சம்பழம் கை மாறத் தொடங்கியது. அதைப் பற்றி மேலும் எழுதாமல் விடுவதே தர்மம்.

முதலில் சலேத் மாதா கோவிலுக்குப் போய்ப் பூசை வைத்தோம். பிரெஞ்சு தேசத்து ஆல்ப்ஸ் மலையில் சலேத் என்ற இடத்தில் 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்கும் ஒரு சிறுவனுக்கும் தேவமாதா காட்சி தந்தார்கள். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு, அழுதபடி உட்கார்ந்திருந்தார்களாம். அந்தப் பக்தியை சேசு சபைக் குருவான சென்சீர் சுவாமி 1860-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்து கோவில் எழுப்பினார். அதற்கு முன்பே, 1845-இல், மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிமார் இங்கே வீடு கட்டியிருந்தார்கள். சமவெளியின் வெக்கையிலும் காய்ச்சலிலும் மெலிந்தவர்கள் உயிர் பிழைக்க ஏறிய மலை இது. மலைச்சாலை கிடையாது. பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. ஏற முடியாதவர்களை நாற்காலியில் வைத்துக் கூலியாட்கள் தூக்கி வருவார்கள். பிறகு 1895-இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி எழுந்தது. நம் பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த குருக்களில் எத்தனையோ பேர் அந்தக் கட்டடத்தில் படித்தவர்கள். இதையெல்லாம் பிள்ளைகளுக்கு விளக்கினேன். அவர்கள் கண் முழுவதும் கோவிலுக்கு வெளியே விற்ற சுட்ட சோளத்தின் மேல் இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கோக்கர்ஸ் வாக்குக்கு வந்தோம். லெப்டினன்ட் கோக்கர் என்கிற ராணுவ எஞ்சினீர் 1870 முதல் 1872 வரை மதுரை ஜில்லாவில் உத்தியோகம் பார்த்தவர். கொடைக்கானலுக்கு ஒரு வரைபடம் தயாரித்தார். அதோடு, மலையின் தெற்குச் சரிவு சடாரென்று இறங்குகிற விளிம்பை ஒட்டி, 1872-இல் இந்தப் பாதையை அமைத்தார். இன்று நகராட்சி சீட்டுக் கொடுத்து உள்ளே விடுகிறது. ஒரு பக்கம் மலைச்சரிவில் செடியும் பூவும் பெஞ்சுகளும், மறுபக்கம் கம்பி, கம்பிக்கு அப்பால் ஆகாயம். வானம் தெளிவாக இருந்தால் பெரியகுளம் தெரியும், கீழே சமவெளி முழுவதும் தெரியும். மெதுவாக நடந்தாலும் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும் பாதை. கிழவிகளும் நடக்கலாம், கைக்குழந்தைக்காரியும் நடக்கலாம்.

நாங்கள் போனபோது சமவெளி தெரியவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து வெண்மையாக மூடுபனி எழும்பி, கம்பிக்கு அப்பால் முப்பதடி தூரத்தில் சுவர் மாதிரி நின்றது. "காசு கொடுத்துப் பஞ்சு மூட்டையைப் பார்க்கவா வந்தோம்?" என்று ஒரு பெரியவர் சொன்னார். அப்போது எங்களுக்குப் பின்னால் மேகம் விலகி, மேற்கே சாய்ந்திருந்த வெயில் எங்கள் முதுகில் விழுந்தது.

எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு பையன் கம்பியைப் பிடித்தபடி கத்தினான்: "சாமி! என் தலையைச் சுத்தி வட்டம்!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். மூடுபனியின் மேல் எங்கள் நிழல்கள் விழுந்திருந்தன. சாதாரண நிழல் அல்ல, பூதாகாரமாக, கால் நீண்டு, பள்ளத்தாக்கின் மேல் நிற்கிற ராட்சதர்கள் மாதிரி. நான் என் நிழலைப் பார்த்தேன். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம். உள்ளே வெண்மை, ஓரத்தில் செம்மை. நம் கோவில் பீடத்தில் அர்ச்சியசிஷ்டவர்களின் சுரூபங்களுக்கு வைத்திருக்கிறோமே, அந்த ஒளிவட்டம் மாதிரியே. என் நிழலுக்கு இருந்தது. பக்கத்தில் கைகட்டி நின்ற பையனின் நிழலைப் பார்த்தேன். அதற்கு இல்லை. அந்தப் பக்கம் நின்ற கோவில்பிள்ளையின் நிழலைப் பார்த்தேன். அதற்கும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு கணம், ஒரே ஒரு கணம், "இருக்காதா பின்னே, குருவானவர் அல்லவா" என்று என் உள்ளத்தில் ஏதோ ஒன்று மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதற்குள் பக்கத்தில் சண்டை மூண்டுவிட்டது. "எனக்குத்தான் வட்டம், உனக்கு இல்லை." "போடா, உனக்குத்தான் இல்லை, எனக்கு இருக்கு." "பொய் சொல்றான் சாமி, நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன், அவனுக்கு ஒண்ணுமே இல்லை." பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். புருஷன் தனக்கு என்றார், பெண்சாதி தனக்கு என்றாள். சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள், வழக்கு இதோடு தீர்ந்தது என்று. ஆளுக்கொரு படத்தை நீட்டினார்கள். ஒவ்வொருவர் போனிலும் அந்தப் போனைப் பிடித்தவரின் நிழலுக்குத்தான் வட்டம் இருந்தது! சாட்சியும் அவரவர் கட்சிக்கே பேசினால் எந்தக் கோர்ட்டில் போய் நியாயம் கேட்பது?

என் பிள்ளைகளே, இதில் மாயமும் இல்லை, புதுமையும் இல்லை. மூடுபனி என்பது மிக நுண்ணிய நீர்த்துளிகள். ஒவ்வொரு துளியும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். முதுகுப்புறத்திலிருந்து வரும் வெயில் அந்தத் துளிகளில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. அப்படித் திரும்பும் ஒளியில் உன் கண்ணுக்கு வருவது உன் தலைநிழலைச் சுற்றியுள்ள துளிகளிலிருந்து வருவது மட்டுமே. அடுத்தவன் தலைநிழலைச் சுற்றித் திரும்புகிற ஒளி அடுத்தவன் கண்ணுக்குப் போய்விடுகிறது. ஆகையால் எல்லோருக்கும் வட்டம் உண்டு, எல்லோரும் சொன்னது மெய், ஆனாலும் ஒருவனும் மற்றவனுடையதைக் காண முடியாது. அந்த ராட்சத உருவமும் அப்படியே. நிழல் உண்மையில் வளர்ந்துவிடவில்லை. தூரத்தை மதிப்பிட மரமோ வீடோ இல்லாத வெண்மையில் நம் கண்தான் ஏமாந்து அதைப் பெரிதாக்கிக்கொள்கிறது.

ஜெர்மனியில் பிராக்கன் என்றொரு மலை உண்டு. அங்கே இந்த நிழலைக் கண்டு 1780-இல் சில்பர்ஷ்லாக் என்பவர் எழுதிவைத்தார். அதனால் இதற்குப் பிராக்கன் பூதம் என்றே பெயர் வந்துவிட்டது. தலையைச் சுற்றிய வட்டத்துக்கு மட்டும் விஞ்ஞானிகள் வைத்த பெயர் குளோரி, அதாவது மகிமை. பெயர் வைத்தவர்கள் வேதாகமம் படித்தவர்கள்தான் போலும். அதற்கும் முன்னே, 1735-இல் பூமியின் அளவை அளக்கத் தென் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட கூட்டத்தில் பூகேர் என்ற பிரெஞ்சு அறிஞரும், உல்லோவா என்ற ஸ்பானியக் கடற்படை அதிகாரியும் இருந்தார்கள். கீட்டோ நகரத்துக்குப் பக்கத்து மலை ஒன்றில் காலை வேளையில் அவர்களும் ஆறேழு பேராக நின்று இதைக் கண்டார்கள். அவர்கள் எழுதிவைத்ததில் அதிகமாக ஆச்சரியப்பட்டது எதற்குத் தெரியுமா? வட்டத்தின் அழகுக்கு அல்ல. ஒவ்வொருவனும் தன் தலையைச் சுற்றி மட்டுமே கண்டான், மற்றவர் தலையில் ஒன்றும் காணவில்லை என்பதற்கே. படித்த பெரிய மனிதர்கள். அவர்களும் நம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் மாதிரி "எனக்கு, எனக்கு" என்று சொல்லிக்கொண்டார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

வட்டத்தைக் கண்டு வேறுவிதமாக நடந்தவரும் உண்டு. வில்சன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1894-இல் பென் நெவிஸ் மலை உச்சியிலிருந்த வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் சில வாரம் தங்கினார். மேகத்தின் மேல் விழுந்த நிழலையும் வண்ண வளையங்களையும் கண்டார். அவர் தம் நிழலை வியந்து நிற்கவில்லை. அந்தத் துளி எப்படி உண்டாகிறது என்று கேட்டார். ஊருக்குத் திரும்பிக் கண்ணாடிக் கலத்துக்குள் மேகம் செய்து பார்த்தார். அதன் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள்களின் தடத்தையே மனிதர் காணும்படி ஆயிற்று. 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இது போகட்டும். நம் விஷயத்துக்கு வருவோம்.

நம் அறைவீட்டுத் திண்ணைக்கு வருகிற வழக்குகளை நீங்கள் அறிவீர்கள். யாருடையது என்று சொல்லமாட்டேன், இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கவும் வேண்டாம். புருஷன் சொல்கிறார்: "நான் ஒருத்தன் உழைக்கப்போய் இந்தக் குடும்பம் நிற்கிறது." பெண்சாதி சொல்கிறாள்: "நான் பொறுத்துப் போகப்போய் நிற்கிறது, சாமி." மாமியார், தான் விட்டுக்கொடுத்ததை எண்ணி வைத்திருக்கிறார். மருமகளும் எண்ணி வைத்திருக்கிறாள். வாய்க்கால் தண்ணீருக்காக மூன்று வருஷமாகப் பேசாமல் இருக்கிற பங்காளிகள் இரண்டு பேரும், தாம் முறை தவறியதே இல்லை என்று பீடத்தைப் பார்த்துக் கைகூப்பிச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் இதில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அது யார் என்று கண்டுபிடிக்க முயன்றிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவரவர் போனில் அவரவர் படம். அவர்கள் கண்டதைச் சொல்கிறார்கள். காண முடியாததைத்தான் இல்லை என்கிறார்கள்.

கோவிலுக்கு ஜெபிக்கப் போன இருவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை உங்களுக்குத் தெரியும். அந்தப் பரிசேயனை நாம் கள்ளன் என்று எண்ணிக்கொள்கிறோம். அவன் கள்ளன் அல்ல. வாரத்தில் இரண்டு நாள் ஒருசந்தி இருந்தது நிஜம், பத்தில் ஒன்று கொடுத்ததும் நிஜம். தன் தலையைச் சுற்றி இருந்ததைச் சரியாகவே பார்த்தான். பின்னால் மார்பில் தட்டிக்கொண்டு நின்ற ஆயக்காரனின் தலையைப் பார்த்தான், அங்கே ஒன்றும் தெரியவில்லை. அங்கேதான் தவறிப்போனான்.

இதைப் பிறருக்குப் பிரசங்கம் செய்வது எளிது. ஆகையால் என் சங்கதியையே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நாலு வயது மூத்த அண்ணன் ஒருவர் உண்டு. அய்யா இறந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார். நான் சிறு குருமடத்துக்குப் போனேன். போர்வை இரண்டு, வெள்ளை வேட்டி நாலு, தகரப்பெட்டி ஒன்று என்று குருமடத்திலிருந்து வந்த பட்டியலில் இருந்ததையெல்லாம் வாங்கித் தந்தவர் அவர். குருப்பட்டம் பெற்று நான் ஊருக்கு வந்த நாளில் வாழைமரம் கட்டினார்கள், மேளம் வைத்தார்கள், "இந்தக் குடும்பத்தின் புண்ணியம்" என்று என்னைச் சொன்னார்கள். அன்றிலிருந்து அண்ணன் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை விட்டார். சாமி என்றும் நீங்கள் என்றும்தான் சொல்லுவார்.

பின்னாளில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டரை வருஷம் படுக்கையில் கிடந்தார்கள். நான் மாதம் ஒருமுறை போவேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவேன். நற்கருணை கொடுப்பேன், நெற்றியில் சிலுவை போடுவேன், அடுத்த பஸ்ஸுக்கு வந்துவிடுவேன். ஒரு தடவை அந்த ஊர்ப் பங்குச் சாமியார், உங்கள் அண்ணனை ஞாயிறு பூசையில் காணோமே என்று என்னிடம் கேட்டார். எனக்கு அவமானமாகப் போயிற்று. வீட்டுக்குப் போய், விருந்தாளிகள் இருக்கும்போதே, "குருவின் அண்ணன் பூசைக்குப் போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும்?" என்று கடிந்துகொண்டேன். மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அண்ணன் கையமர்த்திவிட்டு, "சரி சாமி, பார்க்கிறேன்" என்றார். மதினிக்கு ஞாயிற்றுக்கிழமையும் மில்லில் ஷிப்டு உண்டு என்பதும், அந்த நேரத்தில் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேறு ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நோயாளியை விட்டு அகல முடியாதவனுக்கு ஞாயிறு பூசைக் கடன் இல்லை என்று ஊர் ஊராக வகுப்பெடுத்தவன் நான்.

அம்மா இறந்த அன்று, உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்து பேசிக்கொண்டார்கள். "ரெண்டரை வருஷம் கிடந்த உடம்பு. முதுகில் ஒரு புண் இல்லையே!" என்றார்கள். அது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அடக்கப் பூசையில் இருபது நிமிஷம் பிரசங்கம் செய்தேன். ஒரு மகனைச் சர்வேசுரனுக்குக் கொடுத்த தாய் என்று அம்மாவைப் புகழ்ந்தேன். எல்லோரும் அழுதார்கள். அந்த இன்னொரு மகன் கடைசி வரிசையில், பெட்டி தூக்குகிறவர்களோடு நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. வேண்டுமென்று விட்டதல்ல. சொல்ல ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய ஏற்பாட்டில் மோயீசனும் ஒரு மலையேறினார். சீனாய் மலையில் நாற்பது நாள் மேகத்துக்குள் இருந்து, கற்பலகைகளைச் சுமந்து இறங்கி வந்தபோது அவர் முகம் ஒளிவீசிற்று. ஆரோன் கண்டார், மக்கள் எல்லோரும் கண்டார்கள், கிட்டே வரவே அஞ்சினார்கள். தம் முகம் ஒளிர்வதை அறியாதிருந்தவர் அவர் ஒருவரே. கவனியுங்கள், கோக்கர்ஸ் வாக்கில் நடந்ததற்கு இது நேர் எதிர். நாங்கள் அவரவர் வட்டத்தை மட்டும் கண்டோம், மற்றவருடையதைக் காணவில்லை. அங்கே மற்றவர் எல்லோரும் கண்டார்கள், உரியவர் மட்டும் காணவில்லை. ஏன் இந்த வித்தியாசம்? மூடுபனியில் உன் வட்டம் தெரிய வேண்டுமானால் நீ சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முகத்தைத் திருப்பினால் போயிற்று, நிழலும் போயிற்று, வட்டமும் போயிற்று. மோயீசன் அந்த மேகத்துக்குள் தம் நிழலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஆண்டவருடைய முகத்துக்கு எதிரே நின்றார். கடைசி நாளில் ஆண்டவருடைய வலப்பக்கம் நிற்பவர்களும், எப்போது உமக்குச் சோறு கொடுத்தோம், எப்போது உம்மை நோயில் பார்த்தோம் என்று திகைத்துப்போய்த்தான் கேட்பார்கள் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. என் அண்ணனைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவார்.

பிள்ளைகளின் சண்டை எப்படி முடிந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். முதலில் கத்தினானே ஒரு பையன், அவனுக்கு ஒரு தம்பி, நாலைந்து வயது இருக்கும். தன் உயரத்துக்குக் கம்பிக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாமல் அழுதுகொண்டிருந்தான். அழுகை பொறுக்காமல் அண்ணன் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். சின்னவன் விழுந்துவிடுவோமோ என்று பயந்து அண்ணன் கழுத்தைக் கட்டிக் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டான். உடனே பெரியவன், "சாமி, இப்ப இவனும் உள்ளே வந்துட்டான்!" என்றான். சின்னவனைக் கேட்டால், "அண்ணனும் வட்டத்துக்குள்ள இருக்கான்" என்றான். அதுவும் நிஜம்தான். தலையோடு தலை ஒட்டினால் நிழலும் ஒட்டிக்கொள்ளும், ஒரே வட்டம் இரண்டையும் சுற்றிக்கொள்ளும். பிறகு கேட்க வேண்டுமா? பிள்ளைகள் எல்லாம் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு பரீட்சை செய்தார்கள். ஒரு தாய் கைக்குழந்தையை முகத்தோடு வைத்துப் பார்த்தாள். பஞ்சு மூட்டை என்று சொன்ன பெரியவரும், யாரும் கவனிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, தம் வீட்டம்மாள் பக்கத்தில் கொஞ்சம் நெருங்கி நின்றார். வீட்டம்மாள் விலகவில்லை. நான் கவனித்தேன்.

நான் மட்டும் தனியே நின்றுகொண்டிருந்தேன். என் வட்டம் அப்படியே இருந்தது. அவ்வளவு அழகாக, அவ்வளவு முழுசாக. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னமோ போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேற்கே மறுபடி மேகம் மூடியது. நிழல், வட்டம் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டன. குளிர்காற்று அடித்தது. பிள்ளைகள் ஸ்வெட்டர் தேடி ஓடினார்கள்.

மலை இறங்கி வத்தலக்குண்டில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தியபோது மணி ஒன்பதரை. எல்லோரும் கடைக்குப் போனதும் நான் பஸ்ஸுக்குப் பின்பக்கம் போய் அண்ணனுக்குப் போன் செய்தேன். அந்த நேரத்தில் நான் ஒருநாளும் பேசியதில்லை.

"என்ன சாமி இந்நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

"நல்லா இருக்கேன் அண்ணே. அம்மா அடக்கப் பூசையில பிரசங்கம் வச்சேனே, அதுல உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. டெலிவிஷனில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அது ஆச்சு நாலு வருஷம்" என்றார். "எங்க இருந்து பேசுறீங்க?"

"கொடைக்கானல் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கோம். அண்ணே, அம்மா முதுகுல ஒரு புண்கூட இல்லைன்னு அன்னைக்கே சொன்னாங்க. நான் கேட்டேன். கேட்டும் எனக்கு..."

மேலே எனக்குப் பேச வரவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொடைக்கானலா? பனி நேரமாச்சே" என்றார். "தலைக்கு ஏதாவது கட்டியிருக்கியா தம்பி?"

இல்லை என்றேன்.

"முதல்ல கட்டு" என்றார்.